சிவப்புக் கூரைக் கார்

எங்கள் வயதுக்காரர் கூடினால் இப்போது என்ன பேச்சு? முழங்கால் நோ, கொலஸ்ட்ரோல், பிள்ளைகள் தமிழில் பதில் சொல்லாத கவலை. போன மாதம் லண்டன் சட்டனில், பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டில் இந்தப் பேச்செல்லாம் ஓய்ந்த பிறகு, என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருத்தி கேட்டாள்: "எடி, உன்ர சித்தப்பா அந்தக் காலத்திலை கார் ரேஸ் ஓடினவராமே, மெய்யோ?"

"ஓம், கொஞ்ச நாள்" என்று சொல்லிவிட்டு நான் வடை எடுக்கப் போய்விட்டேன். நாற்பது வருடமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இப்படித்தான் எழும்பிப் போயிருக்கிறேன். இந்தமுறை வடையோடு வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்பாவும் போய்விட்டார். இனி யாருக்குப் பயம்? உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பத்து வயது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. கீழே மெஷின்கள் வேகமெடுத்தால் எங்கள் தட்டுகள் அலுமாரிக்குள் கிலுகிலுக்கும். வீடு முழுக்க எந்த நேரமும் சவர்க்கார வாசம். அம்மா எவ்வளவு மீன் பொரித்தாலும் அந்த வாசம்தான் கடைசியில் நிற்கும்.

அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். அம்மாவுக்கு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற வேலை, ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். ஞாயிறு பகல் அப்பா நித்திரை கொள்ள வேண்டும். ஆகவே என்னைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சித்தப்பாவின் தலையில் விழுந்தது.

"பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போறன் அண்ணி" என்பார். அம்மா எனக்குத் தொப்பியும் ஒரு போத்தல் தண்ணீரும் தந்து அனுப்புவா. நாங்கள் ஒருநாளும் பார்க்குக்குப் போனதில்லை.

பஸ்ஸில் நாலு தரிப்பு தள்ளி ஒரு நாய் ஓட்டத் திடல் இருந்தது. மற்ற நாட்களில் நாய் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அதே திடலில் கார்கள் ஓடும். ஓடும் என்றால் சும்மா ஓட்டமில்லை. முட்டை வடிவத் தாரோட்டில் முப்பது கார் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு சுற்றும். பழைய கார்களை உடைத்து, கண்ணாடியெல்லாம் கழற்றி, கதவை இரும்போடு இரும்பாக ஒட்டி, உள்ளே குழாய்க்கம்பியால் கூடு கட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் தண்டவாளம் போல ஒரு இரும்பு வைத்திருப்பார்கள். ஓடுகிறவர் ஜன்னலால்தான் உள்ளே இறங்க வேண்டும். இன்றைக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். எங்கள் ஆட்களே சிலர் அங்கே குடியிருக்கிறார்கள், தங்கள் குசினிக்குக் கீழே என்ன நடந்தது என்று தெரியாமல்.

சித்தப்பா அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னக் கதை. மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் பழைய கார் உடைக்கிற ஒரு யார்ட்டில் அவருக்கு வேலை. ஊரில் பருத்தித்துறை றோட்டில் மினிபஸ் ஓட்டினவர். அந்தக் காலத்து றோட்டு உங்களுக்குத் தெரியும், பள்ளத்துக்கு நடுவில்தான் றோட்டைத் தேட வேண்டும். ஒருநாள் யார்ட்டில் இரண்டு வரிசைக் காருக்கு நடுவே வானைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், இரண்டு பக்கமும் விரல் இடைவெளி. யார்ட்டு முதலாளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவரிடம் ஒரு ரேஸ் கார் இருந்தது, ஓட்டிக்கொண்டிருந்த மகன் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். கிழவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "நீ ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று கேட்டாராம்.

எனக்கு இடம் பார்வையாளர் படிக்கட்டில், கிழவரின் மனைவிக்குப் பக்கத்தில். பெரிய உடம்பு, பூப்போட்ட ஸ்காஃப், மடியில் பிஸ்கட் டின். என் இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி வைப்பா. கார்கள் புறப்பட்டால் பஞ்சு என்ன செய்யும்? சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்துவிடும். எரிந்த ரயர், சூடான எண்ணெய், சிப்ஸில் ஊற்றின வினிகர், முதல் நாள் ஓடிய நாய்களின் ஈர வாடை. இன்றைக்கும் எங்காவது ரயர் எரிந்தால் எனக்கு வினிகர் மணக்கும்.

அந்த அம்மாதான் ஓட்டத்தின் நியாயத்தை எனக்குச் சொல்லித் தந்தா. டின்னில் இருந்த பிஸ்கட்டை மூடியில் வரிசையாக அடுக்கினா. புதிதாக ஓட வருகிறவனின் கார்க் கூரைக்கு வெள்ளை நிறம். அவன் முன்வரிசையில் நிற்பான். கொஞ்சம் வென்றால் மஞ்சள், இன்னும் வென்றால் நீலம். அதையும் தாண்டினவனுக்குச் சிவப்பு. சிவப்புக் கூரைக்காரன் எல்லாருக்கும் பின்னால், கடைசி வரிசையில் நிற்க வேண்டும். "கெட்டிக்காரனை முன்னால் விட்டால் பார்க்க என்ன இருக்கிறது, கண்ணே? அவன் பின்னாலிருந்து வந்து பிடிக்க வேண்டும். கடைசியில் நிற்கிறதுதான் இங்கே பெருமை" என்று சொல்லி, வெள்ளைக் கூரை பிஸ்கட்டை எனக்குத் தின்னத் தந்தா.

எனக்கு அது ஒரே தரத்தில் விளங்கியது. இதை நீங்கள் மறக்கக்கூடாது, எனக்கு நன்றாக விளங்கியது.

சித்தப்பா சித்திரையில் வெள்ளைக் கூரையோடு தொடங்கினார். வைகாசியில் மஞ்சள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்க முன்னம் நீலம். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் ஓடினால் பார்க்க வேண்டும்! மற்றவர்கள் இடித்து வழி எடுப்பார்கள். இவர் இடிபடுகிற இரண்டு பேருக்கு நடுவால் மினிபஸ் ஓட்டுகிற மாதிரி நுழைந்து போவார். திடலில் முதலில் சிரித்தவர்கள் பிறகு அவருக்கு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தார்கள், ரயர் இரவல் கொடுத்தார்கள். கென்ற் பக்கம், ஆல்டர்ஷொட் பக்கம் என்று வேறு திடல்களுக்கும் கிழவரின் லொறியில் போனோம். இங்கிலாந்தின் தென்பகுதிக்கு என்று ஒரு சாம்பியன் பட்டம் உண்டு, அது ஐப்பசியில் எங்கள் திடலிலேயே ஓடுவது. அதற்கு அவர் பெயர் வந்துவிட்டது. கிழவர் தன் கையாலேயே கூரைக்குச் சிவப்புப் பூசினார்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எண்ணெய் மணக்கிற உடுப்புக்கு யார்ட் வேலை என்ற காரணம் இருந்தது. வென்ற கோப்பைகள் யார்ட்டில் பழைய பற்றரிகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

ஆவணியில் ஒரு ஞாயிறு. வளைவில் ஒரு கார் பின்னாலிருந்து இடித்துச் சித்தப்பாவைத் தூக்கியது. அவருடைய கார் கம்பிவலையில் ஏறி, இரண்டு தரம் உருண்டு, தலைகீழாக நின்றது. சிவப்புக் கொடி விழ எல்லாக் காரும் நின்றன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதி இருக்கிறதே, ஐயோ! சித்தப்பா பெல்ற்றில் தலைகீழாகத் தொங்குகிறார், கை அசையவில்லை. கீழே பெற்றோல் ஒழுகுகிறது, ஆட்கள் நுரைக் குழாயோடு ஓடுகிறார்கள். கிழவரின் மனைவி என் முகத்தைத் தன் கோட்டுக்குள் அமுக்கினா. நான் அந்தக் கோட்டுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சனம் கைதட்டியது. சித்தப்பா ஜன்னலால் வெளியே வந்து கையைக் காட்டினார். காதடியில் சின்ன வெட்டு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டிலை மூச்சு விடாதை. என்ன?"

"நீங்கள் செத்துப்போவியள்."

"போடி விசரி. அதுக்குள்ளை இருக்கேக்கைதான் பிள்ளை நான் உயிரோடை இருக்கிறன்."

அது எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இவர் திரும்பவும் அதற்குள் இறங்குவார். அடுத்த ஞாயிறுகளில் போகாமல் இருக்கப் பார்த்தேன். வயிற்றுக்குத்து என்று பொய் சொன்னேன், அம்மா ஓமத் தண்ணி தந்து அனுப்பினா. கிழவரின் மனைவி பிஸ்கட்டை நீட்ட நான் வேண்டாம் என்றேன். அந்தத் தென்பகுதிப் பட்டத்துக்கு முன்னம் எப்படியாவது சித்தப்பா நிற்க வேண்டும் என்பதைத் தவிர பிள்ளையாருக்கு வைக்க எனக்கு வேறு நேர்த்தி இல்லை.

இனி அப்பா. அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அதற்கு முன்னம் அவர் எஞ்சினியராக வேண்டியவர். எழுபதுகளில் பல்கலைக்கழகத்துக்குத் தரப்படுத்தல் கொண்டு வந்தார்களே, தமிழ்ப் பிள்ளை என்றால் கூடப் புள்ளி எடுக்க வேண்டும் என்று? அதில் அடிபட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர். அவரைவிடக் குறைய எடுத்தவன் உள்ளே போனான், அவர் வெளியே நின்றார். அந்த நாலு பாடத்தின் புள்ளிகளையும் சாகும்வரை ஒப்புவிப்பார். அன்றிலிருந்து அநியாயம் என்று எதைக் கண்டாலும் பெட்டிசம் எழுதுவார். லண்டனிலும் விடவில்லை. சுவர் ஈரத்துக்குக் கவுன்சிலுக்கு ஒன்று, பஸ் பிந்தியதற்கு ஒன்று. அவருடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான்தான் அழகாக எழுதுவேன். நியாயம் கேட்கிற பெட்டிசம் ஒரு ஆளோடு நிற்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஒன்று குற்றவாளிக்கு, ஒன்று அவருக்கு மேலே உள்ளவருக்கு, ஒன்று பத்திரிகைக்கு.

புரட்டாதியில் வாசலால் போடுகிற இலவசப் பத்திரிகையில் சித்தப்பாவின் படம் வந்துவிட்டது. கழுத்தில் மாலை, கையில் கோப்பை. வேலை விளம்பரம் தொட்டுச் செத்தவீட்டு அறிவித்தல்வரை வாசிக்கிற மனுசன் அப்பா. கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நித்திரை கொள்ளாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் திடலுக்கு வந்திருக்கிறார். நான் காணவில்லை. டிக்கெட் எடுத்து, தனியாக நின்று, முழுவதையும் பார்த்துவிட்டு எங்களுக்கு முன்னமே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

நான் உள்ளே வர அப்பா மேசையடியில் இருந்தார். சித்தப்பா கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன்.

"இஞ்சை வா. நீ எல்லா ஞாயிறும் போறனிதானே? அவனை எப்பவும் இப்பிடிக் கடைசியிலைதானோ விடுறவங்கள்?"

"ஓம் அப்பா."

"துவக்கத்திலையுமோ?"

"இல்லை. துவக்கத்திலை முன்னுக்கு விட்டவை. வெல்ல வெல்லத்தான் பின்னுக்கு."

அப்பாவின் முகம் கறுத்தது. கோபம் கார் ஓட்டத்தின் மேல் இல்லை என்று அப்போதுதான் கண்டேன். "வெண்டவனைப் பின்னுக்குத் தள்ளுறது! ஓடத் தெரியாதவன் முன்னுக்கு, எங்கட பெடியன் கடைசி. அங்கையும் அது, இஞ்சையும் அது." பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டார்: "ஏனெண்டு ஆரும் சொன்னவையோ?"

பிஸ்கட் மூடி கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒரு வசனம் போதும், அப்பா சிரித்திருப்பார். ஒருவேளை பெருமைகூடப் பட்டிருப்பார். அதோடு சித்தப்பா அடுத்த கிழமை திரும்பவும் அந்தக் கூட்டுக்குள் இறங்குவார்.

"தெரியாது அப்பா" என்றேன்.

வேலையால் வந்த அம்மா சொல்லிப் பார்த்தா. "இஞ்சேருங்கோ, தம்பியையும் ஒரு சொல்லுக் கேட்டிட்டு எழுதுங்கோவன்."

"கேட்டால் அவன் வேண்டாமெண்டுதான் சொல்லுவான். அவனுக்காக நான் கேக்காமல் ஆர் கேக்கிறது?"

அன்றைக்கே, சித்தப்பா தன் அறைக்குள் படுத்த பிறகு, கடிதம் எழுதினோம். அப்பா சொல்ல நான் எழுதினேன். திறமைக்குத் தண்டனை, தோல் நிறத்துக்குத் தண்டனை, கூட ஓடுகிறவர்களும் வாய் மூடி இந்த அநியாயத்துக்கு உடந்தை, கார்ச் சொந்தக்காரர் உட்பட. புள்ளி, காற்புள்ளி எல்லாம் சரியாக வைத்தேன். ஒன்று திடல் மனேஜருக்கு, ஒன்று கவுன்சிலுக்கு, ஒன்று அதே இலவசப் பத்திரிகைக்கு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அப்பா பிள்ளையார்தான் பிடித்தார். குரங்காக்கியது நான்.

பட்ட ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கப் பத்திரிகையில் அது வந்தது. அந்தக் கிழமை சித்தப்பா காரைப் பிரித்துப் பூட்டுகிறதிலேயே இருந்ததால் ஒன்றும் தெரியாமல்தான் என்னையும் கூட்டிக்கொண்டு திடலுக்கு வந்தார். லொறியடியில் இரைச்சல் இல்லை. வழமையாக அவருடைய முதுகில் தட்டுகிறவர்கள் குனிந்து தங்கள் ரயரைப் பார்த்தார்கள். கிழவரின் மனைவி பிஸ்கட் டின்னைத் திறக்கவில்லை. மனேஜர் வந்து கடிதத்தைச் சித்தப்பாவின் கையில் கொடுத்தார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் கொடுத்தார்.

சித்தப்பா வாசித்தார். பிறகு தாளை வாசிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நான் உனக்கு அநியாயம் செய்தேனா, மகனே?"

"இல்லை."

"அப்ப இது பிழை என்று உன் வாயால் ஒருமுறை சொல்லு. எல்லாரும் கேட்கட்டும். பிறகு போய் ஓடு. நீ வெல்வாய்."

சித்தப்பா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் சரி. ஆனால் அண்ணன் எழுதியது பிழை என்று அந்நிய ஆட்களுக்கு முன்னால் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் பழகவில்லை.

"என் அண்ணன் எழுதியிருக்கிறார்" என்றார் ஆங்கிலத்தில். "அவர் என் அண்ணன்." தலைக்கவசத்தைக் கிழவரின் கையில் வைத்தார். சிவப்புக் கூரையை ஒருதரம் தடவினார். என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எங்களுக்குப் பின்னால் ஓட்டம் தொடங்குகிற சத்தம் கேட்டது.

நான் நேர்ந்தது நடந்துவிட்டது. சந்தோசம் வரவில்லை.

பஸ் தரிப்பில் கேட்டார். "உனக்குத் தெரியுந்தானே, பின்னுக்கு நிக்கிறது என்னத்துக்கு எண்டு?"

"ஓம்."

"அண்ணைக்குச் சொல்லேல்லையோ?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அதை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னில் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

"சொன்னனான்" என்றேன். "அப்பா கேக்கேல்லை."

சித்தப்பா அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மாதமே கிங்ஸ்பரிக்கு ஒரு சிநேகிதனின் அறைக்கு மாறிப் போனார். யார்ட்டுக்கும் போகவில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டினார், ஒரு கண்ணாடிகூட உடைக்காமல். அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "அவனுக்காகத்தான் எழுதினன், என்ர முகத்திலை முழிக்கிறானில்லை" என்பார். தம்பி கேட்காமல் தான் போய்ச் சொல்வதில்லை என்ற வைராக்கியம் வேறு. கலியாணவீடுகளில் அண்ணன் ஒரு கரையில், தம்பி மறுகரையில். அம்மா இரண்டு பக்கமும் பலகாரம் கொண்டு போவா. நான் அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தேன், கலியாணம் முடித்தேன், இரண்டு பிள்ளை பெற்றேன். ஒவ்வொரு வருடமும் சொல்லலாம் என்று நினைப்பேன். வருடம் கூடக் கூடச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கோழை.

போன மாரியில் அப்பா போனார். ஆண் பிள்ளை இல்லாத வீடு. "ஆர் கிரியை செய்யிறது?" என்று ஐயர் கேட்க, அம்மா கிங்ஸ்பரிக்குப் போன் எடுக்கச் சொன்னா. சித்தப்பா வந்தார். எழுபது தாண்டிய மனுசன், வேட்டியோடு குளிரில் நின்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். இங்கே கொள்ளி வைக்கிறதென்றால் பொத்தான் அமத்துகிறதுதானே. சனமெல்லாம் மண்டபத்தில் இருக்க, அவரும் நானும் மட்டும் பெட்டியோடு உள்ளே போனோம். கதவடியில் ஒரு வெள்ளைக்கார ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சித்தப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணையிலை எனக்கு இப்ப கோவமில்லைப் பிள்ளை. பின்னுக்கு நிக்கிறது என்னத்துக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதான் செய்தவர். நான் செத்துப்போவன் எண்ட பயத்திலை செய்திருப்பார். நான் அதை எப்பவோ மன்னிச்சிட்டன்."

"சித்தப்பா, அப்பாவுக்குத் தெரியாது" என்றேன். "அவர் என்னட்டைக் கேட்டவர். நான் தெரியாதெண்டு சொன்னனான். உங்களுக்கும் பொய்தான் சொன்னனான். பயந்தது நான்."

அவர் திரும்பவில்லை.

"உனக்கு அப்ப எத்தினை வயசு?"

"பத்து, சித்தப்பா."

"எனக்கு முப்பத்தொண்டு" என்றார். பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். "அண்ணை, நானெல்லோ ஒருக்கா வந்து உங்களைக் கேட்டிருக்க வேணும்."

என்னை ஒரு சொல் ஏசவில்லை. பொத்தானை அமத்தினார். பெட்டி உள்ளே போய்க் கதவும் மூடியது. அவர் விரலை எடுக்கவில்லை. ஒருதரம் அமத்தினால் போதும், ஐயா, என்று அந்த ஊழியர் கிட்ட வந்து மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது.